வெள்ளை உடுப்புக்குள் நிறவெறி: கறுப்பினச் செவிலியர் கணக்குக் கேட்ட வரலாறு

ஆஸ்பத்திரியில் சாதி இல்லை, மதம் இல்லை, நிறம் இல்லை, நோயாளி மட்டும்தான் உண்டு. செவிலியர் பள்ளியில் சேருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதலில் சொல்லித்தரப்படும் பாடம் இது. விளக்கேற்றி உறுதிமொழியும் எடுக்க வைக்கிறார்கள். ஆனால் அந்தப் பள்ளிக்குள் யாரைச் சேர்த்தார்கள், சேர்த்த பிறகு எந்த வார்டுக்கு அனுப்பினார்கள், யாருடைய வலியை வலி என்று நம்பச் சொன்னார்கள், யாருடைய தோலை வைத்து நோயை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். பாடம் பல்லிளித்துவிடும்.

இந்தக் கேள்விகளை நூறு வருஷத்துக்கு மேலாக விடாமல் கேட்டவர்கள் அமெரிக்காவின் கறுப்பினச் செவிலியர்கள். அவர்கள் வரலாறு நமக்கெதற்கு என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. 1873இல் ஜோதிராவ் புலே தமது 'குலாம்கிரி' நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காக நின்ற அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்கு மனுக் கொடுத்த செய்தியறிந்து 1946இல் டு போய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார் அண்ணல் அம்பேத்கர். டு போய்ஸும் பதில் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரையே அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். கவிதையிலும் அரசியலிலும் நாம் கற்றுக்கொண்டது நிறைய. வார்டுக்குள் நடந்த போராட்டத்தை மட்டும் அதிகம் பேசாமல் விட்டுவிட்டோம்.

அமெரிக்காவில் முறையாகப் பயிற்சி பெற்ற முதல் கறுப்பினச் செவிலியர் மேரி எலைசா மஹோனி. பிறந்த ஆண்டு 1845. பாஸ்டன் நகரத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஓர் ஆஸ்பத்திரியில் சமையல், துணி துவைப்பு, கூட்டிப் பெருக்குவது என்று ஏறக்குறைய பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். அதே ஆஸ்பத்திரியின் செவிலியர் பள்ளியில் 1878இல் மாணவியாகச் சேரும்போது அவருக்கு வயது 33. பதினாறு மாதப் படிப்பு. சேர்ந்தவர்களில் கடைசிவரை தாக்குப்பிடித்தது மிகச் சிலரே. அதில் மஹோனி ஒருவர். 1879இல் படித்து முடித்தார்.

இதைச் சாதனைக் கதையாக மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். அந்தப் பள்ளி முற்போக்கானது, பெண் மருத்துவர்களே நடத்தியது. அந்தப் பள்ளியிலும் ஒரு வகுப்புக்கு ஒரு கறுப்பினப் பெண், ஒரு யூதப் பெண் என்று விதி வைத்திருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. மற்ற பள்ளிகளில் அந்த ஒரு இடமும் கிடையாது. அதே கட்டிடத்தில் அவர் கூட்டிப் பெருக்கியபோது யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. துடைப்பத்தை வைத்துவிட்டு நோயாளியின் நாடியைப் பிடிக்க வந்தபோதுதான் விதி குறுக்கே வந்தது. இந்தக் கணக்கு நமக்குப் புதுசா?

கதவு திறக்காதபோது அவர்கள் தனிக்கதவு வைத்துக்கொண்டார்கள். 1889இல் எம்மா ரெனால்ட்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணைச் சிகாகோவின் செவிலியர் பள்ளிகள் நிறம் காரணமாகவே சேர்க்க மறுத்தன. பாதிரியாராக இருந்த அவருடைய அண்ணன், கறுப்பின அறுவை மருத்துவர் டேனியல் ஹேல் வில்லியம்ஸிடம் போய் முறையிட்டார். ஒரு பெண்ணுக்காகச் சிபாரிசு செய்வதைவிட ஒரு ஆஸ்பத்திரியையே கட்டுவது என்று முடிவானது. 1891இல் பிராவிடன்ட் ஆஸ்பத்திரியும் அதன் செவிலியர் பள்ளியும் இப்படித்தான் பிறந்தன. அட்லாண்டாவில் ஸ்பெல்மன், வாஷிங்டனில் ஃபிரீட்மென்ஸ், நியூயார்க்கில் லிங்கன் என்று பள்ளிகள் எழுந்தன. கறுப்பின மக்கள் காசு சேர்த்தார்கள், அரிசி பருப்பு போல மாவும் துணியும் கொடுத்தார்கள்.

படித்து முடித்தவர்களுக்கு அடுத்த சுவர் காத்திருந்தது. அமெரிக்கச் செவிலியர் சங்கத்தில் சேர வேண்டுமென்றால், 1916க்குப் பிறகு மாநிலச் சங்கம் வழியாகத்தான் சேர முடியும். தென் மாநிலச் சங்கங்களோ கறுப்பினத்தவரைச் சேர்க்காது. ஆக, தேசியச் சங்கம் யாரையும் விலக்கியதாக எழுத்தில் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் கறுப்பினச் செவிலியர் உள்ளே போக வழியும் இருக்காது. தென் மாநில ஆஸ்பத்திரிகளில் வெள்ளைச் செவிலியரை 'மிஸ்' போட்டு அழைத்தார்கள். கறுப்பினச் செவிலியருக்கு அந்த மரியாதை கிடையாது. வெறும் 'நர்ஸ்', இல்லாவிட்டால் வெறும் பெயர். ஒரே படிப்பு, ஒரே உடுப்பு, ஒரே வேலை. ஆனால் ஒருத்தி 'அம்மா', இன்னொருத்தி 'ஏய்'. அழைக்கிற சொல்லிலேயே படிநிலையைக் காப்பாற்றுகிற வித்தை ஊருக்கும் சேரிக்கும் நடுவில் மட்டும் இருப்பதல்ல.

இந்த இடத்தில்தான் மார்த்தா ஃபிராங்க்ளின் வருகிறார். பிலடெல்பியாவில் 1897இல் தன் வகுப்பின் ஒரே கறுப்பின மாணவியாகப் படித்து முடித்தவர். அவர் முதலில் செய்த காரியம் மேடையேறிப் பேசியது அல்ல. நாடெங்கும் இருந்த கறுப்பினச் செவிலியர்களுக்குக் கடிதம் எழுதினார். எங்கே படித்தீர்கள், எங்கே வேலை, என்ன பிரச்சினை என்று விசாரித்து, கையாலேயே எழுதினார். ஏறத்தாழ 1,500 கடிதங்கள். யாருக்கும் தெரியாமல் சிதறிக்கிடந்தவர்களின் கணக்கு அப்போதுதான் முதல்முறையாக ஒரு இடத்தில் சேர்ந்தது. 1908 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் 52 செவிலியர்கள் கூடினார்கள். கூட்டிவைத்தவர் லிங்கன் பள்ளியைச் சேர்ந்த ஏடா தாம்ஸ். பட்டம் பெற்ற கறுப்பினச் செவிலியர்களின் தேசியச் சங்கம் உருவானது. மறுவருஷம் பாஸ்டனில் நடந்த மாநாட்டில் வரவேற்புரை ஆற்றியவர் மஹோனி. சங்கத்தின் நோக்கங்கள் மூன்று: பயிற்சியின் தரத்தை உயர்த்துவது, தொழிலில் உள்ள பாகுபாட்டை உடைப்பது, தங்களிடமிருந்தே தலைமையை வளர்ப்பது.

ஏடா தாம்ஸின் கதை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 1906 முதல் 1923 வரை லிங்கன் பள்ளியின் பொறுப்பு இயக்குநர் அவர். பதினேழு வருஷமும் 'பொறுப்பு'தான். கறுப்பினத்தவர் என்பதால் கடைசிவரை இயக்குநர் என்ற பதவிப் பெயரைக் கொடுக்கவில்லை. வேலை வாங்கிக்கொள்வார்கள், நாற்காலி தரமாட்டார்கள். முதல் உலகப் போரில் கறுப்பினச் செவிலியரை ராணுவத்துக்கு எடுக்கச் சொல்லி அவர் போராடியபோதும் செஞ்சிலுவைச் சங்கமும் ராணுவமும் இழுத்தடித்தன. 1918இல் விஷக்காய்ச்சல் பரவி ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்த பிறகு, போரும் முடிந்த பிறகு, டிசம்பரில் 18 பேரை எடுத்தார்கள். அவர்களுக்குத் தனி இருப்பிடம். சாவு வாசல்வரை வந்த பிறகும் தீண்டாமையை விடவில்லை.

இரண்டாம் உலகப் போரில் இதே நாடகம் இன்னும் பெரிதாக நடந்தது. 1941இல் ராணுவம் 56 கறுப்பினச் செவிலியர்களை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. அவர்கள் கறுப்பினச் சிப்பாய்களை மட்டும் பார்க்கலாம். பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். பலரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? பிடிபட்ட ஜெர்மானியப் போர்க்கைதிகளுக்கு வைத்தியம் பார்க்க. நாஜிப் படைவீரனைத் தொட்டுத் துடைக்கலாம். சொந்த நாட்டு வெள்ளைச் சிப்பாயைத் தொடக்கூடாது.

அப்போது சங்கத்தை நடத்தியவர் மேபல் ஸ்டாப்பர்ஸ். பார்படோஸ் தீவில் பிறந்து ஃபிரீட்மென்ஸ் பள்ளியில் படித்தவர். அவருக்குச் செவிலியர்களின் எண்ணிக்கை விரல்நுனியில் இருந்தது. 1945 ஜனவரியில் செவிலியர் பற்றாக்குறையைக் காட்டி, செவிலியர்களைக் கட்டாயமாக ராணுவச் சேவைக்கு எடுக்கும் சட்டம் வேண்டுமென்று அதிபர் ரூஸ்வெல்ட் பேசினார். ராணுவத் தலைமை மருத்துவர் நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில் அதே பாட்டைப் பாடினார். ஸ்டாப்பர்ஸ் எழுந்து கணக்கை எடுத்து வைத்தார். பதிவு பெற்ற கறுப்பினச் செவிலியர் சுமார் 9,000 பேர். ராணுவம் எடுத்திருப்பது 247. கடற்படை எடுத்தது ஒருவரைக்கூட இல்லை. பற்றாக்குறை என்றால் இவர்களை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். பத்திரிகைகள் எழுதின, தந்திகள் வெள்ளை மாளிகையில் குவிந்தன. அந்த ஜனவரி முடிவதற்குள் ராணுவம் நிறப் பாகுபாட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. கடற்படையும் பின்னாலேயே வந்தது. ஐந்து வருஷம் மனு கொடுத்தும் அசையாத கதவு, அவர்கள் கைகள் இல்லாமல் ஆகாது என்ற நிலை வந்ததும், அந்த நிலையை எண்களால் நிரூபிக்க ஒருவர் தயாராக இருந்ததும் சேர்ந்தபோது திறந்தது.

கல்விக் களத்திலும் அப்படித்தான். 1943இல் போர்க்காலச் செவிலியர் பயிற்சிக்கு அரசுப் பணம் ஒதுக்கும் சட்டம் வந்தது. அதில் இன, நிறப் பாகுபாடு கூடாது என்று எழுதியிருந்தது. போர்க்காலச் செவிலியர் மன்றத்தின் ஆலோசகராக எஸ்டெல் மாஸி ரிடில் நியமிக்கப்பட்டு ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போனார். கறுப்பின மாணவிகளைச் சேர்த்த வெள்ளையர் பள்ளிகள் இரண்டே வருஷத்தில் 14இலிருந்து 38 ஆயின. அந்தத் திட்டத்தில் சுமார் 3,000 கறுப்பினப் பெண்கள் பயின்றார்கள். காசோடு சேர்த்து நிபந்தனை போட்டதும் பள்ளிகளின் மனம் மாறிவிட்டது!

1948இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம், மாநிலச் சங்கம் விலக்கியவர்களையும் நேரடி உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. நோக்கம் நிறைவேறிவிட்டது என்று 1951இல் கறுப்பினச் செவிலியர் சங்கம் தன்னைக் கலைத்துக்கொண்டது. இது நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம். சங்கம் கலைந்தபோது கூடவே கலைந்தது எது? கணக்கெடுக்கும் ஏற்பாடு. எத்தனை கறுப்பின மாணவிகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், யார் தலைமைக்கு வந்தார்கள் என்று அக்கறையோடு எண்ண ஆள் இல்லை. பெரிய சங்கத்துக்குள் தங்கள் குரல் எடுபடவில்லை என்று கண்டவர்கள் 1971இல் மீண்டும் தேசியக் கறுப்பினச் செவிலியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இருபது வருஷம் போயிற்று. 2022இல்தான் அமெரிக்கச் செவிலியர் சங்கம் தன்னுடைய நிறவெறி வரலாற்றுக்காக எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்டது.

*

உள்ளே போவது ஒரு போராட்டம். உள்ளே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது இன்னொரு போராட்டம்.

1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கீகியில் நடந்த கொடுமை உலகம் அறிந்தது. மேகநோய் பிடித்த 399 கறுப்பின ஆண்களை, வைத்தியம் செய்வதாகச் சொல்லி, வைத்தியம் செய்யாமலே நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த மக்களை வீட்டுக்கு வீடு போய் அழைத்துவந்தவர், அவர்களுடைய நம்பிக்கையைப் பெற்றவர், யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர். அவரைத் துரோகி என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்ட கல்வி எது? டாக்டர் சொன்னதைக் கேள், எதிர்த்துப் பேசாதே, அதுதான் நல்ல செவிலிக்கு அழகு. அந்தக் காலத்துச் செவிலியர் கல்வியின் உயிர்நாடியே கீழ்ப்படிதல்தான். நம்மவர் ஒருவர் உள்ளே இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் டஸ்கீகியை ஒருமுறை படிக்க வேண்டும். கேள்வி கேட்கும் அதிகாரம் இல்லாமல் உள்ளே வைக்கப்படுகிறவர், ஆதிக்கத்தின் கையாகவே பயன்படுத்தப்படுவார்.

அடுத்தது பாடப்புத்தகம். 2017இல் பியர்சன் நிறுவனம் வெளியிட்டிருந்த ஒரு செவிலியர் பாடநூலின் பக்கம் வெளியே வந்து பெரும் கண்டனத்துக்குள்ளானது. எந்த இனத்தார் வலியை எப்படிக் காட்டுவார்கள் என்று அதில் பட்டியல் போட்டிருந்தார்கள். கறுப்பினத்தார் வலியைக் கூட்டிச் சொல்வார்களாம். யூதர்கள் அதிகம் கேட்டு வாங்குவார்களாம். நம்மையும் விடவில்லை. இந்துப் பழக்கமுள்ள இந்தியர்கள், அடுத்த பிறவி நல்லதாக அமைவதற்காக இந்தப் பிறவியில் வலியைப் பொறுத்துக்கொள்வார்களாம்! கர்ம வினையென்று சொல்லி நம்மைச் சேரியில் வைத்தார்கள்; அதே கர்ம வினை கடல் கடந்து போய், வலிக்குது என்று சொல்லும் நோயாளிக்கு ஊசி போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் பாடமாக மாறியிருக்கிறது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது. ஆனால் அதற்குமுன் அதைப் படித்துப் பரீட்சை எழுதிப் போன பெண்கள் எத்தனை பேர்?

இது ஒரு புத்தகத்தின் தவறு மட்டுமல்ல. 1840களில் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அடிமைப் பெண்கள்மீது மயக்கமருந்து கொடுக்காமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து தன் முறையைக் கண்டுபிடித்தார். அனார்ச்சா, பெட்ஸி, லூசி என்று மூன்று பேருடைய பெயர்தான் வரலாற்றில் தங்கியிருக்கிறது. நவீன மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை என்று அவருக்குச் சிலை வைத்தார்கள். போராட்டத்துக்குப் பின் 2018இல்தான் நியூயார்க் பூங்காவிலிருந்து அதை அகற்றினார்கள். கறுப்பு உடம்புக்கு வலி குறைவு என்ற பொய்தான் இந்தக் கொடுமைக்கு முட்டுக்கொடுத்தது. 2016இல் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் 222 பேரை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதிப்பேர் இத்தகைய பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். கறுப்பினத்தாரின் தோல் தடிமன் என்பது அதில் ஒன்று. அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள்; சொன்ன வைத்தியமும் தப்பாக இருந்தது. அடிமை முறை ஒழிந்து நூற்றைம்பது வருஷமாகியும் அதன் பொய் வகுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

தோலைப் பற்றிய பாடம் இதைவிட நுட்பமானது. படுக்கையில் கிடக்கிற நோயாளிக்குப் படுக்கைப்புண் வருமுன் கண்டுபிடிப்பது செவிலியின் வேலை. அழுத்தினாலும் மறையாத சிவப்பு தெரிகிறதா பார் என்று சொல்லித்தருவார்கள். வெள்ளைத் தோலில் சிவப்பு தெரியும். கறுத்த தோலில் தெரியாது. அங்கே தொட்டுப் பார்க்க வேண்டும்: சூடு இருக்கிறதா, கல்லு மாதிரி இறுகியிருக்கிறதா, பக்கத்துத் தோலைவிட நிறம் மாறியிருக்கிறதா என்று. மூச்சுத்திணறலில் உடம்பு நீலம் பாய்வதும் அப்படியே. கறுத்தவர்களுக்கு நாக்கு, உதட்டின் உட்புறம், நகக்கண், கண்ணிமையின் உட்பக்கம் பார்க்க வேண்டும். இதை வகுப்பில் சொல்லித்தராவிட்டால் நோயாளி புண்ணாகிக் கிடப்பார், மூச்சடங்கிப் போவார். யாரும் யாரையும் வெறுக்கத் தேவையில்லை. பாடமே அந்த வேலையைச் செய்துவிடும்.

கருவியும் இதிலிருந்து தப்பவில்லை. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி, அது கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி பரவாயில்லை என்று காட்டியபோதே ரத்தத்தில் ஆக்சிஜன் அபாயமாகக் குறைந்திருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தாரில் 11.7 சதவீதம். லண்டனில் மலோன் முகுவெண்டே என்ற கறுப்பின மருத்துவ மாணவர், நோய்க்குறிகள் கறுத்த தோலில் எப்படித் தெரியும் என்று படங்களோடு ஒரு கையேட்டை 2020இல் கொண்டுவந்தார். வகுப்பில் உட்கார்ந்து, இது என்னைப் போன்றவர்கள் தோலில் எப்படி இருக்கும் என்று கேட்டதில் பிறந்தது அது. கேள்வி கேட்கும் மாணவர் ஒருவர் உள்ளே இருந்ததால் வந்த பலன்.

இங்கிலாந்தின் கதை வேறு மாதிரி. போருக்குப் பின் அங்கே ஆஸ்பத்திரிகளை ஓட்ட ஆளில்லை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மலேசியா, மொரீஷியஸிலிருந்தும் பெண்களை வரவழைத்தார்கள். அங்கே அப்போது செவிலியர் படிப்பு இரண்டு வகையாக இருந்தது. மூன்று வருஷப் படிப்பு முடித்தால் பதிவுபெற்ற செவிலி. வார்டுத் தலைமை, ஆசிரியை என்று மேலே போகலாம். இரண்டு வருஷப் படிப்புக்கு மேலே வழியில்லை. வாழ்நாள் முழுவதும் துணைநிலைதான். வெளிநாட்டிலிருந்து வந்த கறுப்புப் பெண்கள் ஏராளமானோரை, வித்தியாசத்தைச் சொல்லாமலே இரண்டு வருஷப் படிப்பில் தள்ளிவிட்டார்கள். சொந்த நாட்டுக்குத் திரும்பினால் பல இடங்களில் அந்தச் சான்றிதழ் செல்லவே செல்லாது. சேர்க்கவில்லை என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. சேர்த்துத்தான் கீழே வைத்தார்கள்.

*

இதையெல்லாம் படிக்கும்போது நம்முடைய பெண்கள் கண்முன்னே வருகிறார்கள். பிரசவம் பார்ப்பது, கொடி அறுப்பது, ரத்தத் துணி அலசுவது எல்லாம் தீட்டு என்று ஒதுக்கி நமது பெண்கள் தலையிலும் மருத்துவர் சாதிப் பெண்கள் தலையிலும் கட்டிய நாடு இது. அதே வேலைக்குச் சம்பளமும் சான்றிதழும் வந்ததும் உள்ளே நுழைய நமக்கு மார்க்கு வேண்டும், பணம் வேண்டும், சிபாரிசு வேண்டும். இடஒதுக்கீடு வாசலைத் திறந்தது. வாசலுக்குள்ளே என்ன நடக்கிறது?

என் சித்தி மகள் ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் படித்தாள். ஒரு முறை வீட்டுக்கு வந்தபோது சொன்னாள்: "அக்கா, நானும் அதே ஃபீஸ்தான் கட்டுறேன். வார்டுக்குப் போனா மத்த பிள்ளைங்கள ஊசி போட, டிரிப் ஏத்த, டியூப் போடப் பாக்கச் சொல்லி டாக்டர் பக்கத்துல நிறுத்துறாங்க. என்னையும் எங்க ஊர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியையும் பெட்பேன் எடுக்க, பெட்டு துடைக்க அனுப்புறாங்க. கேட்டா, நீங்கதான் இதெல்லாம் கூச்சப்படாம செய்வீங்கன்னு சிஸ்டர் சிரிக்கிறாங்கக்கா. பரீட்சையில ஊசி போடச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்குது. பாத்தியா, இதுங்களுக்கு வேலை வராதுங்கிறாங்க."

பெட்பேன் எடுப்பது கேவலமான வேலை இல்லை. எல்லா மாணவியும் செய்தாக வேண்டிய வேலை. அதையே இரண்டு பேருக்கு மட்டும் ஒதுக்கி, கற்றுக்கொள்ள வேண்டிய மற்றதை அவர்களுக்கு மறுத்து, அப்புறம் திறமையில்லை என்று முத்திரை குத்துவதுதான் இங்கே நடக்கிறது. இது எந்த ஆவணத்திலும் ஏறாது. வார்டுப் பயிற்சியில் யார் எதைச் செய்தார்கள் என்பது சிஸ்டர் கையில்; இன்டெர்னல் மார்க் ஆசிரியை கையில்; செய்முறைத் தேர்வு நேர்முகமாக. எழுத்துத் தேர்வில் பெயர் மறைக்கலாம், வார்டில் முகத்தை மறைக்க முடியாது. 2006இல் அமைக்கப்பட்டு 2007இல் அறிக்கை தந்த தோரட் குழு, டெல்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் தலித், பழங்குடி மருத்துவ மாணவர்களிடம் விசாரித்தபோது, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் பாகுபாட்டை உணர்ந்ததாக, ஆசிரியர் ஆதரவு கிடைக்கவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். விடுதியிலும் குறிப்பிட்ட பகுதிகளுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரியிலேயே இந்த நிலை என்றால், மூலை முடுக்கில் உள்ள நர்சிங் கல்லூரிகளில் யார் போய் விசாரித்தார்கள்?

பாகுபாட்டைக் குறைக்க என்ன செய்வது என்று கேட்டால் இப்போது சுலபமான பதில் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆசிரியைகளுக்கு அரைநாள் வகுப்பு எடுப்பது, மனசைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்வது. எடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மஹோனியிலிருந்து ஸ்டாப்பர்ஸ் வரைக்கும் உள்ள வரலாற்றில் உபதேசத்தால் திறந்த கதவு ஒன்றுகூட இல்லை. கணக்கும், சங்கமும், பணத்தோடு கட்டிய நிபந்தனையும்தான் திறந்தன.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. வார்டுப் பயிற்சியில் ஒவ்வொரு மாணவிக்கும் எந்த வேலை எத்தனை முறை தரப்பட்டது என்ற பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். செய்முறை மார்க்கை எழுதப்பட்ட அளவுகோலின்படி, ஒருவருக்குப் பதில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். சாதிவாரியாகச் சேர்ந்தவர்கள், முடித்தவர்கள், பாதியில் நின்றவர்கள் கணக்கை ஆண்டுதோறும் கல்லூரி வெளியிட வேண்டும். அரசு உதவியும் அங்கீகாரமும் அதைப் பொறுத்தே இருக்க வேண்டும். புகாரை விசாரிக்கும் குழுவில் நம்மவர்கள் இருக்க வேண்டும். புகார் கொடுத்த மாணவிக்கு அதே ஆசிரியை மார்க் போடக்கூடாது. நோய்க்குறிகளை நமது கறுத்த தோலில் எப்படிப் பார்ப்பது என்று தமிழில் பாடம் வேண்டும். எங்கிருந்தோ வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் சிவப்பைத் தேடச் சொல்லி நமது பிள்ளைகளைத் தேட விடுவது அபத்தம்.

இவற்றைக் கேட்பதற்கு முன் நம் கையில் கணக்கு வேண்டும். மார்த்தா ஃபிராங்க்ளின் 1,500 கடிதம் எழுதினார். இந்தக் கட்டுரையைப் படிக்கும் செவிலியர் மாணவிகளும், படித்து முடித்து வேலையில் இருப்பவர்களும், பாதியில் நின்றுவிட்டவர்களும் ஒரு பக்கத் தாளில் எழுதுங்கள்: எந்த மாவட்டத்தில் படித்தீர்கள், எந்த ஆண்டு, வார்டில் உங்களுக்கு என்ன வேலை தந்தார்கள், எது மறுக்கப்பட்டது, எப்படி அழைத்தார்கள், என்ன மார்க் வந்தது. பெயர் போட வேண்டாம், கல்லூரிப் பெயரும் வேண்டாம். எழுத வராத பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக் கொடுங்கள். இதழ் முகவரிக்கு அனுப்பினால் தொகுக்கிற வேலையை நாங்கள் சிலர் எடுத்துக்கொள்கிறோம். முதலில் ஐம்பது தாள் வந்து சேரட்டும்.